சோற்றுக்கு ஆகாத நெல்

சம்சாத்துக்கு அச்சகத்தில் வேலை கிடைத்ததே ஒரு கோபத்தினால்தான். 1965-இல் போர்ட் பிளேர் கடைத்தெருவில் யாரோ விநியோகித்த விளம்பர நோட்டீஸ் ஒன்று அவள் கைக்கு வந்தது. ‘எங்களிடம் தரமான பாத்திரங்கள் எப்போதும் கிடக்கும்’ என்று அதில் அச்சாகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஒரு எழுத்தைக் காணோம். விலையில் லை, இலையில் இருக்கும் லை அல்ல, கிளையில் இருக்கும் ளை. அவள் கணவன் ஜமீல் தீவுகளுக்கு இடையே ஓடும் மோட்டார் படகில் இஞ்சின் வேலை பார்ப்பவன். மாதத்தில் பாதி நாள் கடலில். டவுனுக்கு வெளியே கராச்சர்மாவில் இருந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்தத் தாளில் ஒன்பது பிழைகளை வட்டமிட்டாள். ‘இதை அச்சடித்தவர் பார்வைக்கு’ என்று மேலே எழுதி, டவுனுக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிவிட்டாள்.

நாலாம் நாள் அச்சக முதலாளி கோவிந்தராஜ், கண்டக்டரிடம் விசாரித்துக்கொண்டு, வீடு தேடி வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

“ஒன்பது போட்டிருக்கீங்க. பத்தாவது ஒண்ணு இருக்கு, அதை விட்டுட்டீங்க” என்றார் அவர். “கடைசியில எங்க அச்சகத்தோட பேர். அதுலயே ஒரு கால் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. படிச்சிருக்கீங்களாமே, வேலைக்கு வர்றீங்களா?”

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வெளியே போய் வேலை பார்த்த பெண் அவள் குடும்பத்தில் யாரும் இல்லை. ஜமீல் கரைக்கு வந்ததும் கேட்டாள். “படகுல நான் இஞ்சினைப் பாக்குறேன், நீ எழுத்தைப் பாரு” என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு காலை பஸ்ஸில் டவுனுக்கு வந்து போனாள்.

அச்சகம் சிறியது. காலால் மிதித்து ஓட்டும் ஒரு மிஷின், தமிழ், ஹிந்தி, வங்காள எழுத்துகள் அடுக்கிய மரத்தட்டுகள், எழுத்துக் கோப்பதற்கு மூன்று பேர். தமிழ் கோப்பவர் ஜம்புலிங்கம். அவர் கோத்த எழுத்தில் மை தடவி எடுக்கும் புரூஃப் தாளைப் படித்துப் பிழை திருத்துவது சம்சாத்தின் வேலை. கடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, எல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும்.

1968 மே மாதம், ஒரு சனிக்கிழமை, ஹபீப் முகம்மது கடை நோட்டீஸ் அவள் மேஜைக்கு வந்தது. விவசாயிகளுக்கு வேண்டிய மண்வெட்டி முதல் உரம் வரை விற்கிற பெரிய கடை. அச்சகத்துக்கும் அதுதான் பெரிய பார்ட்டி. மழைக்கு முன்னால் விற்பதற்காக மெயின்லேண்டிலிருந்து புது ரக விதை நெல் இருநூறு மூட்டை கப்பலில் வந்திறங்கியிருந்தது. நோட்டீஸ் இப்படித் தொடங்கியது:

‘பேரன்பும் பெருந்தகைமையும் வாய்ந்த விவசாயப் பெருங்குடி மக்களே! நம் தீவகத்தின் பொன்விளை பூமியைப் புளகாங்கிதமடையச் செய்யவல்ல அபூர்வ விதை நெல் இதோ தருவிக்கப்பட்டுள்ளது!’

அப்படியே பதினெட்டு வரி. பத்தொன்பதாவது வரி, அடியில், சின்ன எழுத்தில்:

‘இவ்விதை ஔஷதோபசாரம் செய்யப்பெற்றிருப்பதால் அன்னபானாதிகளுக்கு உபயோகிக்கத்தக்கதன்று.’

எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அவளால் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட முடியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு ஜம்புலிங்கத்திடம் போனாள்.

“அண்ணே, இந்தக் கடைசி வரிக்கு என்ன மத்லப்?”

“ஔஷதம்னு வருதே. மருந்து நெல்லும்மா. சாப்பாடு, கஞ்சி, எல்லாத்துக்கும் உபயோகம்னு போட்டிருக்கான். உடம்புக்கு நல்லதா இருக்கும்.”

“உபயோகிக்கத்தக்கது அன்று. கூடாதுன்னு சொல்றாங்க அண்ணே.”

“அப்படியா?” அவர் வியந்தார். “நான் எழுத்தைத்தான் பாப்பேன். அர்த்தம் பாத்தா கை ஓடாது.”

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சம்சாத் ஹபீப் முகம்மதுவின் கிட்டங்கிக்குப் போனாள். மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் தைத்திருந்த அட்டையில் சிவப்பு மையில் மண்டையோடு, கீழே ஆங்கிலம். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நாலு சொற்கள் பிடிபட்டன, அவையே போதுமானவையாக இருந்தன: விஷம், பாதரசம், உணவு, கூடாது. தையல் விட்ட ஒரு மூட்டையிலிருந்து தரையில் சிந்தியிருந்த நெல், குங்குமம் கலந்த கல்யாண வீட்டு அட்சதைபோல ரோஸ் நிறத்தில் அழகாக இருந்தது.

திரும்பி வந்து கோவிந்தராஜிடம் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

“ஏம்மா, மேட்டர் பார்ட்டியோடது. எழுத்துதான் நம்மளோடது. அவங்க எழுதிக் கொடுத்ததை மாத்தி அடிச்சா நாளைக்கு வேற பிரஸ்ஸுக்குப் போயிடுவாங்க. அப்புறம் எனக்கும் வேலை இல்லை, உனக்கும் இல்லை.”

“எழுத்துக்கு நான் பொறுப்புன்னா, அது என்ன சொல்லுதுங்கறதுக்கு யார் சார் பொறுப்பு?”

“பார்ட்டி.”

“அப்ப நான் பார்ட்டிகிட்டயே போய்க் கேக்குறேன்.”

“போகாதேன்னா கேக்கவா போறே” என்று அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள்.

ஹபீப் முகம்மதுவும் அவள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்றுதான் அழைப்பார்கள். அவளும் அவரை அப்படியே அழைத்தாள். கடையில் அவரோடு கிருஷ்ணமூர்த்தி உட்கார்ந்திருந்தார். அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கடைக்கு வந்து கடிதங்கள் எழுதிக் கொடுப்பார். அந்த நோட்டீஸ் அவருடைய தமிழ்.

“காக்கா, இந்த நெல்லு விஷம் கலந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“விதைக்கு மருந்து போட்டிருக்குன்னு தெரியும். எல்லா கம்பெனியும் போடுறதுதான். நோட்டீஸ்லயும் எழுதியாச்சே.”

அவள் கிருஷ்ணமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். “ஔஷதோபசாரம்னு ஏன் சார் போட்டீங்க?”

“அட்டையில ‘ட்ரீட்டட்’னு இருந்தது” என்றார் அவர், தன் தமிழைப் பற்றி ஒருவர் கேட்டதில் கொஞ்சம் மகிழ்ந்தபடி. “ட்ரீட்மென்ட்னா உபசாரம், சிகிச்சை. பதம் நன்னா அமைஞ்சது.”

“டாக்டர் பண்ற ட்ரீட்மென்ட் இல்லை சார் அது. நீங்க படிச்சவர், உங்களுக்கு அது பதம். எங்க கம்பாசிட்டர் ஒவ்வொரு எழுத்தா கையில எடுத்துக் கோத்தவர், அவருக்கே அது உடம்புக்கு நல்ல நெல்லுன்னுதான் புரிஞ்சிருக்கு.” அவள் தான் எழுதிக்கொண்டு வந்த தாளை ஹபீப் முகம்மதுவின் முன் வைத்தாள். “முதல் வரியா இதைப் போடுங்க.”

‘இது விஷம் தடவிய விதை நெல். சோற்றுக்கு ஆகாது.’

அவர் அதைப் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். “கடை வாசல்ல நின்னு விஷம், விஷம்னு என்னைக் கூவச் சொல்றியா? ஒரு ஆள் வாங்குவானா? மால் பூரா அப்படியே கெடக்கும்.”

“அடியில சின்னதா போட்டா யாருக்கும் புரியாது காக்கா.”

“தங்கச்சி, விதை நெல்லைத் தின்னுற விவசாயி எந்த ஊர்ல இருக்கான்?”

அவள் நோட்டீஸின் புரூஃபைக் கையில் எடுத்தாள்.

“சரி, ஒண்ணு செய்வோம். நாளைக்கு ஞாயிறு. பெரார்கஞ்ச் கிராமத்துக்குப் போய் இந்த நோட்டீஸை நாலு விவசாயிங்ககிட்டப் படிக்கக் கொடுக்குறேன். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இதைத் தின்னக்கூடாதுன்னு அதுல ரெண்டு பேருக்குப் புரிஞ்சாலும் போதும், வாயை மூடிக்கிட்டு அச்சுக்கு விடுறேன்.”

ஹபீப் முகம்மதுவுக்குச் சிரிப்பு வந்தது. “பராபர், அப்படியே செய். குழந்தைவேலு வீட்டுக்குப் போ. நல்லாப் படிக்கிற ஆளு. போன வாரமே அவனுக்கு ரெண்டு மூட்டை லாரியில அனுப்பிட்டேன்.”

“அனுப்பிட்டீங்களா? நோட்டீஸ் இல்லாமலேயா?”

“தெரிஞ்ச ஆளுங்களுக்குப் பன்னெண்டு மூட்டை போயிருக்கு. நோட்டீஸ் பின்னாடி வருதுன்னு சொல்லித்தான் அனுப்புனேன்.”

பெரார்கஞ்ச் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அவள் கேட்டாள். அது போய் அரைமணி ஆகியிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினாள். இறங்கி, வயல் வரப்பில் இருபது நிமிஷம் நடந்தால் பாக்குத் தோட்டத்தை ஒட்டிக் குழந்தைவேலுவின் வீடு. பத்து வருஷத்துக்கு முன் வட ஆர்க்காட்டிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்தவர். ஹபீப் கடையிலிருந்து என்றதும் முகம் மலர்ந்து ஸ்டூல் எடுத்துப் போட்டார். நோட்டீஸை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் பேசுகிறவர்போல உரக்கப் படித்தார். புளகாங்கிதம் என்ற இடத்தில் மட்டும் ஒருமுறை தடுக்கி, திரும்ப நிதானமாகப் படித்து ஜெயித்தார். கடைசி வரியையும் விடவில்லை.

“பலே! என்னமா எழுதியிருக்கான்” என்றார். “மருந்து போட்ட நெல்லாம், பாத்தியா. சத்து ஜாஸ்தியா இருக்கும்.”

“சாப்பிடலாம்னா போட்டிருக்கு?” சம்சாத் தான் கொடுத்த வாக்கை மறக்காமல், எதையும் காட்டிக்கொள்ளாமல் கேட்டாள்.

“அன்னபானாதின்னு இருக்கே. அன்னம்னா சோறுதானே? சாப்பிடாம என்ன? என் வீட்டுக்காரி இன்னிக்கு அதைத்தான் அவிக்கப் போறா. கப்பல் லேட்டு, ரேஷன்ல பதினஞ்சு நாளா அரிசி இல்லை. ரெண்டு மூட்டையில ஒரு மரக்கா போனா விதைக்கு ஒண்ணும் குறைஞ்சிடாதுன்னு சொன்னா.”

சம்சாத் ஸ்டூல் உருண்டது தெரியாமல் எழுந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

அங்கே அவர் மனைவி ஜெயலட்சுமி மூன்று கல்லின்மேல் பெரிய மண்பானையை ஏற்றி, ஊறிய நெல்லை அதில் கொட்டிவிட்டு, விறகுக்கு நெருப்பு வைக்கக் குனிந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, பத்த வைக்காதீங்க! அது விஷம்!”

ஜெயலட்சுமி நிமிர்ந்து, முன்பின் பார்த்திராத அந்தத் துப்பட்டிப் பெண்ணைத் திகைத்துப் பார்த்தாள். “விஷமா? ரோஸ் சாயம்தான் கொஞ்சம் இருந்துச்சு. மூணு தண்ணி கழுவிட்டேனே. இப்ப பாரு, சுத்தமா இருக்கு.”

“கழுவினா சாயம்தான் போகும். விஷம் போகாது. இதுல ஏற்கெனவே யாராவது சாப்பிட்டீங்களா?”

“இல்லையே. இன்னிக்குத்தான் முதல் தடவையா எடுத்தேன்.”

பின்னால் வந்து நின்ற குழந்தைவேலு வேலியோரம் பார்த்தார். லாரி வந்த அன்று மூட்டையை இழுத்துப் போட்டபோது சிந்திய நெல்லைக் கோழிகள் தின்றிருந்தன. இரண்டு நாளாக இரண்டு கோழிகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தள்ளாடின. வெள்ளைக்கழிச்சல் என்று அவர் நினைத்திருந்தார். நெல்லினாலா, சீக்கினாலா என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அவர் ஜெயலட்சுமியைப் பானையிலிருந்து விலகி வரச் சொன்னார்.

பானை நெல்லைப் புதைத்துவிட வேண்டும் என்று சம்சாத் சொன்னபோது ஜெயலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. “அரிசி இல்லாம கிழங்கு அவிச்சுத் தின்னுக்கிட்டிருக்கோம். கையில இருக்கிற அன்னத்தை மண்ணுல கொட்டச் சொல்றியேம்மா.”

“அன்னம் இல்லைக்கா. வயல்ல போட்டு முளைச்சு, அதுல விளையுமே, அதுதான் அன்னம்.”

குழந்தைவேலு கடப்பாரையை எடுத்துவந்து, கிணற்றுக்கு எட்டாத மேட்டில் குழி தோண்டினார். நெல் போயிற்று, பானையும் போயிற்று. பிறகு நம்ப முடியாதவர்போல அந்த நோட்டீஸை மறுபடியும் எடுத்து, கடைசி வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

“தக்கதன்று” என்றார் மெல்ல. “ஆமா, அன்றுன்னுதான் இருக்கு. நான் படிச்சவன்தான். படிச்சிட்டே கடந்து போயிட்டேனே.”

“தப்பு உங்க மேல இல்லை” என்றாள் சம்சாத். அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. “மீதி பத்து மூட்டை எந்தெந்த வீட்டுக்குப் போச்சுன்னு தெரியுமா?”

அவருக்கு ஐந்து வீடு தெரிந்தது. ஆறாவதை ஐந்தாம் வீட்டில் சொன்னார்கள்; பத்து மூட்டையும் கணக்குக்கு வந்தது. இரண்டு தமிழ் வீடு, மூன்று வங்காளி வீடு, ஒன்று ராஞ்சிக்காரர் வீடு. வெயில் ஏறும் வரப்புகளில் இருவரும் ஒவ்வொன்றாகப் போனார்கள். எங்கும் யாரும் தின்றிருக்கவில்லை. ஒரு வீட்டில் மட்டும் பன்றிக்கு வைக்க எடுத்து வைத்திருந்தார்கள். வங்காளி வீடுகளில் எந்த மொழியிலும் எழுத்துத் தெரிந்தவர் எவரும் இல்லை. குழந்தைவேலு மூட்டையைக் காட்டி, “கானா மத். ஜஹர் ஹை, ஜஹர்” என்று, ‘தின்னாதே, விஷம்’ என ஹிந்தியில் சொல்லச் சொல்ல, அந்த வீட்டுப் பெண்கள் வாயில் கைவைத்துக்கொண்டு கேட்டார்கள். அட்டையில் இருந்த மண்டையோட்டைக் காட்டி இது என்னவென்று நினைத்தீர்கள் என்று சம்சாத் கேட்கச் சொன்னாள். கம்பெனி மார்க் என்று நினைத்தோம் என்றார்கள். ஏதோ ஒரு சாமி என்றாள் ஒருத்தி.

திங்கட்கிழமை கடை திறந்தபோது சம்சாத் வாசலில் நின்றிருந்தாள். நடந்ததை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை, எதையும் கூட்டாமல், சொன்னாள். அவள் முடித்ததும் ஹபீப் முகம்மது எழுந்து போய்க் கிட்டங்கிக் கதவை இழுத்துப் பூட்டினார்.

“நீயே எழுது” என்றார் திரும்பி வந்து. “ஆனா முதல் வார்த்தையே விஷம்னு வேணுமா? நான் வியாபாரி, தங்கச்சி. பயந்துபோய் எல்லாரும் ஓடிட்டா, விதைக்க நல்ல நெல்லு இல்லாம அவனும்தானே கஷ்டப்படுவான்?”

அது வெறும் சாக்கு அல்ல என்று அவளுக்குத் தோன்றியது. விதை நல்ல விதை. அதை வாங்கி விதைக்கவும் வேண்டும், தின்னாமல் இருக்கவும் வேண்டும். அச்சகத்துக்குப் போய் அன்று முழுவதும் எழுதி எழுதி அடித்தாள். மாலையில், கடையில் விஷயம் கேள்விப்பட்டு, கிருஷ்ணமூர்த்தி வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் பழைய நோட்டீஸைக் கையில் எடுத்தார்.

“அந்தக் குடும்பம் சாப்பிட்டிருந்தா என் எழுத்தாலன்னா போயிருக்கும்” என்றார்.

“சாப்பிடலை சார். இப்ப இதைப் பாருங்க. விவசாயிக்கு எதுக்காக விஷம் போட்டிருக்குன்னு தெரிஞ்சா பயம் போயிடும். அதை ஒரே வரியில எப்படிச் சொல்றது?”

“பூஞ்சணம்... பீஜரோக நிவாரணம்...” என்று ஆரம்பித்தவர் தானே நிறுத்திக்கொண்டார். “விதை அழுகாம இருக்கறதுக்குன்னு போட்டா?”

“போதும் சார். அதுவே போதும்.”

இருவருமாக உட்கார்ந்து முடித்தது இதுதான்:

‘நிலத்துக்கு நல்லது. வயிற்றுக்கு விஷம்.
இது விதை நெல். மண்ணில் அழுகாமல் முளைக்க விஷ மருந்து தடவியிருக்கிறது.
சமைக்காதீர்கள். கழுவினாலும் விஷம் போகாது.
கோழி, மாடு, பன்றிக்கும் போடாதீர்கள்.
காலிச் சாக்கில் அரிசி வைக்காதீர்கள்.
விதைத்த பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.’

ரகத்தின் பெயர், எத்தனை நாள் பயிர், எப்போது விதைக்கலாம் என்பதெல்லாம் அதன் கீழே வந்தன. ‘நிலத்துக்கு நல்லது’ என்று தொடங்கியதைப் பார்த்து ஹபீப் முகம்மது பெருமூச்சு விட்டார். “இது விக்கும்” என்றார். ஹிந்தியிலும் வங்காளத்திலும் மாற்ற கிருஷ்ணமூர்த்தி தன் அலுவலக நண்பர்கள் இருவரைப் பிடித்தார். அவர்களிடமும் அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாராம்: ‘உங்க வீட்டு அடுப்படியில பேசற பாஷையில எழுதுங்கோ.’

எழுத்துத் தெரியாத வீடுகளுக்கு என்ன செய்வது என்பதுதான் மிச்சம். ஜம்புலிங்கம் படாக் மரத்துண்டில் ஒரு படம் செதுக்கித் தருவதாகச் சொன்னார். முதலில் ஒரு சோற்றுப் பானையும் அதன்மேல் பெருக்கல் குறியும் செதுக்கினார். அழகாகவே வந்தது. சம்சாத் அதைத் தாளில் அடித்து எடுத்துக்கொண்டு புதன்கிழமை மறுபடியும் பெரார்கஞ்ச் போனாள். கோவிந்தராஜ் இந்த முறை தடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவரே நினைவூட்டினார்.

வங்காளிப் பெண் ஒருத்தி படத்தைப் பார்த்துவிட்டு, “ஆஸ்பத்திரி?” என்றாள். இன்னொருத்தி, பானையைக் கயிற்றால் கட்டி வைக்க வேண்டும் என்று சொன்னாள். ஜெயலட்சுமி வெகுநேரம் பார்த்து, “பானையைக் கவிழ்த்து வைக்கணுமா?” என்றாள்.

சம்சாத் ஜெயலட்சுமியின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். “நீங்க சொல்லுங்க அக்கா. என்ன படம் இருந்திருந்தா அன்னிக்கு நீங்க பானையைத் தொட்டிருக்க மாட்டீங்க?”

ஜெயலட்சுமி யோசிக்கவே இல்லை. “செத்த கோழி. தட்டுல நெல்லு, பக்கத்துல காலைத் தூக்கிக்கிட்டு ஒரு கோழி. அதைப் பாத்தா எவ அடுப்பு மூட்டுவா?”

ஜம்புலிங்கம் அன்றே அதைச் செதுக்கினார். கோழியின் விரைத்த கால்களும் சாய்ந்த கொண்டையும் பார்க்கவே சகிக்கவில்லை. அதனால்தான் அது சரியாக இருந்தது. வியாழக்கிழமை கடைத்தெருவில் சாமான் வாங்க வந்த பத்துப் பேரிடம் சம்சாத் காட்டினாள். பத்துப் பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மிஷின் ஓடியது.

சனியன்று கிட்டங்கி திறந்தது. நோட்டீஸைக் கெட்டி அட்டையில் ஒட்டி, கோணி ஊசியால் ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் தைக்க வேண்டும். ஹபீப் முகம்மதுவின் மனைவி ரம்ஜான் பீவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பக்கம் உட்கார்ந்தார். சம்சாத் ஒரு பக்கம். கிருஷ்ணமூர்த்திக்கு ஊசி பிடிக்கத் தெரியவில்லை, விரலில் இரண்டு முறை குத்திக்கொண்டார். ஆனாலும் எழுந்து போகவில்லை. ஏற்கெனவே போயிருந்த மூட்டைகளுக்கான அட்டைகளைக் குழந்தைவேலு வந்து வாங்கிப்போனார்.

விற்பனை தொடங்கியதும் ஹபீப் முகம்மது யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். வாங்க வந்த ஒவ்வொருவரையும் மூட்டைக்கு முன்னால் நிறுத்தினார்.

“இதைப் பாரு. படிக்கத் தெரிஞ்சாப் படி, இல்லைன்னா படத்தைப் பாரு. என்ன புரிஞ்சுதுன்னு என்கிட்டச் சொல்லு. அப்புறம்தான் மூட்டை.”

சிலர் சிரித்தார்கள். சிலர், “சேட், பரீட்சை வைக்கிறியா?” என்று கேலி செய்தார்கள். விஷம் என்றதும் வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. அவர் பயந்ததுபோலவே முப்பது மூட்டைக்கு மேல் தங்கிவிட்டது. ஆனால் மழை வந்து, நாற்று எழுந்து, பெரார்கஞ்ச் பக்கம் வயல்கள் பச்சையான பிறகும் எந்த வீட்டிலிருந்தும் கெட்ட செய்தி வரவில்லை. குழந்தைவேலுவின் கோழிகளில் ஒன்று செத்தது. மற்றொன்று எப்படியோ பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன் முட்டையை ஜெயலட்சுமி வீட்டில் யாருக்கும் கொடுக்கவில்லை.

ஹபீப் முகம்மது இரண்டு வாரம் அச்சகத்தின் பக்கமே வரவில்லை. மீந்த மூட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வருத்தமாக இருந்திருக்கும். கோவிந்தராஜோ, புரூஃப் தாள்களைச் சம்சாத்தின் மேஜையில் வைக்கும்போது, “எழுத்தையும் பாரு, விஷயத்தையும் பாரு” என்று சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார்.

ஜூலையில் ஒரு நாள் நல்ல மழை. கிருஷ்ணமூர்த்தி குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். கடைக்குப் புதிதாகக் காற்றடிக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்திருக்கிறதாம்; எப்படிப் பற்றவைப்பது என்று வாங்குகிறவர்களுக்கு ஒரு சீட்டு.

“ஹபீப் முதலாளி உங்ககிட்டக் காட்டிட்டு வரச் சொன்னார்” என்றார். “ரொம்ப எளிமையாத்தான் எழுதியிருக்கேன். ஒரு சமஸ்கிருதப் பதம் கிடையாது. பாருங்கோ.”

சம்சாத் தாளை வாங்கிப் படித்தாள். உண்மையிலேயே எளிமையாக இருந்தது. மூன்றாவது வரியில் நின்றாள்.

“‘பிறகு காற்றடிக்கவும்’னு இருக்கு சார். எதுக்குப் பிறகு? ஸ்பிரிட் ஊத்தினதுக்குப் பிறகா, அது எரிஞ்சு முடிஞ்சதுக்குப் பிறகா?”

அவர் தாளைத் திருப்பி வாங்கிப் பார்த்தார்.

“எனக்கே சரியாத் தெரியலையே” என்றார்.

“அப்ப வாங்க” என்று அவள் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். “கடைக்குப் போய் ஒரு ஸ்டவ்வைப் பத்தவெச்சுப் பாத்துட்டு வந்துடுவோம்.”